திரும்பத் திரும்ப வரும் வேனல் கட்டியை நிறுத்துவது எப்படி?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அடிக்கும் புழுக்கத்தில் அக்குளிலும் தொடையிலும் கட்டி கிளம்புவது சகஜம். ஆறிய சில வாரத்தில் வேறு இடத்தில் மறுபடி வந்தால், வெயிலை மட்டும் திட்டிப் பயனில்லை. பெரும்பாலும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாதான் காரணம். ஏறத்தாழ 10 பேரில் 3 பேருக்கு இது மூக்குக்குள் சத்தமில்லாமல் குடியிருக்கிறது. மூக்கைத் தொட்ட விரலால் தோலைச் சொறிந்தால் போதும்.

முதலில், இப்போது இருக்கும் கட்டி. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் 10 நிமிடம், நாளைக்கு மூன்று நான்கு தடவை ஒத்தடம் கொடுங்கள். சூடு பொறுக்கும் அளவில் இருக்கட்டும். பிதுக்காதீர்கள், ஊசியால் குத்தாதீர்கள். நம் டர்பன் சாட்ஸ்வொர்த் பகுதியில் வீட்டுக்கு வீடு மஞ்சள் பற்று போடச் சொல்லும் பாட்டி உண்டு. உடைந்த புண்ணில் அது வேண்டாம், சுத்தமான கட்டு போதும்.

அடுத்து கிளினிக். சீழ் எடுத்தால் கொஞ்சத்தைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்று தெரியும். அப்படியே சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். அடிக்கடி கட்டி வருவது சில சமயம் சர்க்கரை நோயின் அறிகுறி. பக்கத்து வீட்டில் மிச்சமான ஆன்டிபயாட்டிக்கை வாங்கி விழுங்காதீர்கள்.

கட்டி ஆறிய பிறகுதான் முக்கியமான வேலை. மருத்துவரிடம் கேட்டு 5 நாள் கிருமி நீக்கம் செய்யுங்கள். மியூபிரோசின் களிம்பைத் துளியளவு இரண்டு நாசிக்குள்ளும் காலை மாலை தடவ வேண்டும். தினமும் 4% குளோர்ஹெக்சிடின் திரவத்தை உடம்பெங்கும் தேய்த்து, ஒரு நிமிடம் விட்டுக் குளியுங்கள். கண்ணிலும் காதுக்குள்ளும் படக்கூடாது. ஜிக் என்ற ப்ளீச் திரவத்தை உங்கள் இஷ்டத்துக்குக் குளியல் நீரில் ஊற்றும் யோசனை வேண்டவே வேண்டாம்.

அந்த 5 நாளும் துண்டு, உள்ளாடை, படுக்கை விரிப்பு எல்லாம் தினமும் வெந்நீரில் துவைக்க வேண்டும். ஆளுக்கொரு துண்டு, ஆளுக்கொரு ரேசர். வீட்டில் வேறு யாருக்காவது கட்டி வந்திருந்தால் எல்லோரும் ஒரே வாரத்தில் செய்யுங்கள். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அப்புறம் தம்பியிடமிருந்து அக்காவுக்கு மறுபடி தொற்றும்.

தைப்பூசத்துக்கு அலகு குத்த வேண்டியிருந்தால், கட்டி இருக்கும்போது வேண்டாம். சித்ரா பருவத்துக்கும் (சித்திரைப் பௌர்ணமி) இங்கே காவடி உண்டு, முருகன் காத்திருப்பார்.

காய்ச்சல், வேகமாகப் பரவும் சிவப்பு, மூக்குக்கும் உதட்டுக்கும் அருகே கட்டி, கைக்குழந்தைக்குக் கட்டி: இவற்றில் எது இருந்தாலும் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு இருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.