ஊசி ஓட்டையைச் சொன்னால் கூலி உண்டா?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் புரொடக்‌ஷன் மேனேஜராக இருக்கிறேன். எண்பது பேர் வேலை செய்கிறார்கள். கம்பெனிக்கு மதிப்புகள் எழுத நினைக்கிறவர்களுக்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன். எங்கள் ஆபீஸ் சுவரிலும் ஒரு ஃபிரேம் தொங்கியது: நேர்மை, தரம், மரியாதை. பையர் ஆடிட், அதாவது சரக்கு வாங்குகிறவர்கள் சோதனைக்கு வரும் நாளில் மட்டும் யாராவது தூசி தட்டுவார்கள். இது எங்கள் ஊர் வியாதி மட்டுமில்லை. அமெரிக்காவின் என்ரான் நிறுவனமும் மரியாதை, நேர்மை என்று பட்டியல் வைத்திருந்தது. கணக்கில் செய்த தில்லுமுல்லு வெளியே வந்து, 2001 டிசம்பரில் திவாலானது.

ஆகவே ஃபிரேம் கடைக்குக் கடைசியில் போங்கள். முதலில் ஆட்களைக் கேளுங்கள். "நம் கம்பெனியின் மதிப்புகள் என்ன?" என்றால் பள்ளிக்கூடப் பதில்தான் வரும். டீ நேரத்தில் ஐந்தாறு பேராக உட்காரவைத்து, "இங்கே எது நடந்தால் எரிச்சலாக இருக்கிறது?" என்று கேளுங்கள். சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்கக் கூடாது. ஒடிசா, பீகார் ஆட்களிடம் அவர்கள் மொழி தெரிந்தவர் பேசட்டும். முதல் தடவை நான் இதை விட்டுவிட்டேன். பாதிப் பேர் வாயே திறக்கவில்லை.

எங்களுக்கு வந்த பதில்கள்: கிளம்பும் நேரத்தில் ஓவர்டைம் என்று சொல்வது, 'ஏய்' என்று கூப்பிடுவது, டேமேஜை மறைப்பது. ஒவ்வொன்றையும் திருப்பிப் போட்டு வாக்கியமாக்கினோம். "ஓவர்டைம் இருந்தால் நாலு மணி டீக்கு முன் சொல்லிவிட வேண்டும்." இப்படி எழுதினால், மீறியது யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

அப்புறம்தான் கஷ்டமான வேலை. நீங்கள் எழுதியதற்குச் சம்பள முறையே எதிராக நிற்கிறதா என்று பாருங்கள். எங்களிடம் பீஸ் ரேட், தைத்த எண்ணிக்கைக்குத்தான் கூலி. ஒரு நாள் ஓவர்லாக் மெஷினில் துணி ஓரம் தைக்கும் அக்கா ஒருவர் துணியில் ஊசி ஓட்டை விழுவதைப் பார்த்துவிட்டார். சொன்னால் மெஷின் நிற்கும், மெக்கானிக் வரவேண்டும், அரை மணி நேரக் கூலி போய்விடும். பேசாமல் தைத்தார். செக்கிங்கில் 340 பீஸ் ஒதுங்கியது. எல்லோர் முன்னாலும் கத்தினேன். "சொல்லியிருந்தா என் கூலிய நீங்க குடுப்பீங்களாங்க சார்?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

டொயோட்டா தொழிற்சாலைகளில் பழுதைப் பார்க்கும் தொழிலாளி ஒரு கயிற்றை இழுப்பார். உடனே சரியாகாவிட்டால் லைனே நிற்கும். கயிறு கட்டுவது பெரிய காரியமில்லை. இழுத்தவருக்குக் கூலி குறையக் கூடாதே! பழுதைச் சொல்லி மெஷினை நிறுத்தினால், நின்ற நேரத்துக்குப் போன வாரச் சராசரிப்படி கூலி என்று மாற்றினோம். சனிக்கிழமைச் சம்பளக் கவரில் அது தனி வரியாக வரும். முதலாளி ஒத்துக்கொள்ள இரண்டு மாதம் ஆனது. அந்த 340 பீஸ் கணக்கைத்தான் திரும்பத் திரும்பக் காட்டினேன்.

கத்தியதற்கு மன்னிப்பை அதே லைனில் நின்று கேட்டேன். ரூமுக்குக் கூப்பிட்டுக் கேட்டால் கணக்கில் சேராது.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால், பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு வைப்பது 2013 சட்டப்படி கட்டாயம். நம் வாக்கியங்கள் அதற்கு ஈடாகாது.

தீபாவளி லீவு முடிந்து ஆட்கள் திரும்பியதும், வருடத்துக்கு ஒருமுறை வாக்கியங்களைத் திருத்துங்கள். போன தடவை 'ஏய்' வாக்கியத்தின் கீழே, "கட்டிங் மாஸ்டருக்கும் சேர்த்துத்தான்" என்று எழுதச் சொன்னார்கள். எழுதினோம்.