மூட்டுத் தேய்மானத்துக்கு ஒரு தங்கப் பட்டை: துகளில் ஆன்டிபாடி ஒட்டும் முறை

குருத்தெலும்பு தேயும்போது 'காம்ப்' என்ற புரதம் கழன்று ரத்தத்தில் கலக்கும். அதைத் தேடும் பட்டை, கர்ப்பப் பரிசோதனை அட்டை மாதிரிதான் வேலை செய்யும்: காம்பைப் பிடிக்கும் ஆன்டிபாடி ஒட்டிய தங்கத் துகள், பட்டையின் கோட்டிலுள்ள இன்னொரு ஆன்டிபாடியில் காம்ப் வழியாக மாட்டி நிறம் காட்டும். யோசனையும் பழசுதான்: ருமட்டாய்ட் ஃபேக்டருக்கு (முடக்குவாதத்தில் ரத்தத்தில் காணும் ஆன்டிபாடி) 1956லேயே லேடெக்ஸ் துகள் டெஸ்ட் வந்துவிட்டது. எங்கள் லேபுக்குப் புதிதாக வருகிறவர்கள் நேராகப் பட்டைக்குத்தான் கை நீட்டுவார்கள். நான் குடுவை கழுவ அனுப்புவேன்.

குடுவையை ராஜ திராவகத்தால் (நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலக் கலவை) கழுவுங்கள், புகையை உறிஞ்சும் ஃப்யூம் ஹூடுக்குள்ளேயே. 0.01 சதவீத கோல்டு குளோரைடு 50 மில்லியைக் கலக்கிக்கொண்டே கொதிக்க விட்டு, 1 சதவீத சிட்ரேட் அரை மில்லியை ஒரே மூச்சில் ஊற்றுங்கள். மஞ்சள் போய், கருநீலம் ஓடி, சிவப்பில் வந்து நிற்கும். துகள் சுமார் 40 நானோமீட்டர். சிட்ரேட்டைக் கூட்டினால் துகள் சிறுக்கும்.

ஆறியதும் பொட்டாசியம் கார்பனேட் விட்டு பிஎச்சை 8.5 பக்கம் கொண்டுவாருங்கள். பிஎச் மீட்டரை உள்ளே விடாதீர்கள், தங்கம் அதன் முனையை அடைத்துவிடும். பிஎச் பேப்பர் போதும்.

அடுத்தது உப்பு டெஸ்ட். இதைச் செய்யாமல் ஒட்டிய துகளை நான் தொடவே மாட்டேன். சின்னக் குழாய்களை வரிசையாக வைத்து, எல்லாவற்றிலும் ஒரே அளவு தங்கக் கரைசல் விடுங்கள். முதல் குழாய்க்கு ஆன்டிபாடி வேண்டாம். மற்றவற்றில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். பத்து நிமிடம் கழித்து ஒவ்வொன்றிலும் 10 சதவீத உப்புநீர், பத்தில் ஒரு பங்கு. துகள்களைத் தள்ளித் தள்ளி வைத்திருக்கும் மின்னூட்டத்தை உப்பு மறைத்துவிடும். ஆன்டிபாடி போர்த்தாத துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி நீலமாகிவிடும். சிவப்பு மாறாத முதல் குழாய்தான் குறைந்தபட்ச அளவு. கத்தரிப்பூ நிறத்தில் நிற்கும் குழாயைப் 'பரவாயில்லை' என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கிடைத்த அளவுக்குச் சற்றுக் கூடுதலாகவே போட்டு ஒட்டுங்கள். அப்புறம் மிச்ச இடத்தை மூட 1 சதவீத பிஎஸ்ஏ (மாட்டு ரத்தப் புரதம்), பிறகு ஒட்டாத ஆன்டிபாடியை நீக்க சென்ட்ரிஃப்யூஜ். அவ்வளவுதான்.

ரத்தம் எடுக்கும் முன் நோயாளியை அரை மணி நேரம் உட்கார வையுங்கள். நடந்து வந்தாலே காம்ப் ஏறும்.

சீரத்தை (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீர்) அப்படியே பட்டையில் விடவும் கூடாது. காம்ப் அதில் மில்லிக்கு மைக்ரோகிராம் கணக்கில் இருக்கும். அவ்வளவு புரதம் வந்தால் தங்கத்திலுள்ள ஆன்டிபாடியும் கோட்டிலுள்ள ஆன்டிபாடியும் தனித்தனியே நிரம்பிவிடும், கோடு மங்கிப்போகும். நோய் இல்லை என்று ஏமாறுவது இங்கேதான். ஒரே சீரத்தைப் பத்து மடங்கும் நூறு மடங்கும் நீர்த்து இரண்டு பட்டை ஓட்டுங்கள். நூறு மடங்குக் கோடு பத்து மடங்குக் கோட்டைவிட அழுத்தமாக இருந்தால், இன்னும் நீர்க்க வேண்டும்.