உல்லாசக் கப்பலில் உடன் வந்தவர்களைத் தவறவிடாமல் இருப்பது எப்படி

சிங்கப்பூரில் புறப்பட்டு மலேசியாவின் பினாங்கு, தாய்லாந்தின் புக்கெட் சென்று திரும்பும் கப்பல் பயணங்களில் இப்போது தமிழ்க் குடும்பங்களை நிறையவே பார்க்க முடிகிறது. தாத்தா பாட்டி தொடங்கி பேரப்பிள்ளைகள் வரை பத்துப் பன்னிரண்டு பேர் நான்கைந்து அறைகளில் தங்குகிறார்கள். கப்பலில் ஏறிய முதல் ஒரு மணி நேரத்துக்குள் ஒருவர் நீச்சல் குளத்துக்கும், ஒருவர் சாப்பாட்டுக்கும், இருவர் அறைக்குமாகப் பிரிந்துவிடுகிறார்கள். அந்தத் தடத்தில் ஓடும் கப்பல்களில் ஜென்டிங் டிரீம் 335 மீட்டர் நீளமுடையது; முன்பு ஓடிய ஸ்பெக்ட்ரம் ஆஃப் தி சீஸ் 347 மீட்டர். நம் கடற்கரை மக்கள் படகின் முன்பகுதியை அணியம் என்பார்கள். அந்த அணியத்திலிருந்து பின்பகுதி வரை நடக்கவே ஐந்து நிமிடம் ஆகும் கப்பலில், பதினைந்துக்கும் மேற்பட்ட தளங்களுக்கு நடுவே ஒருவரைத் தேடிக் கண்டுபிடிப்பது எளிதன்று.

எங்கள் முதல் பயணத்தில் என் அம்மா ஒன்றரை மணி நேரம் காணாமல் போனார். ஒன்பது பேரும் ஊரிலேயே வாட்ஸ்அப் குழு ஒன்றைத் தொடங்கியிருந்ததால் அதுவே போதும் என்று நம்பியிருந்தோம். கரை மறைந்ததும் குழு அமைதியாகிவிட்டது. நாங்கள் உணவுக்கூடத்திலும் அரங்கிலும் குளத்தருகிலும் தேடிக்கொண்டிருக்க, அம்மாவோ பத்தாவது தளத்தில் ஓர் அறைக் கதவின் முன்னால், தரைவிரிப்பின் மேல் அமர்ந்திருந்தார். எங்கள் அறை ஒன்பதாவது தளத்தில், சரியாக அதற்குக் கீழே இருந்தது. எல்லாத் தளங்களிலும் ஒரே நடைவழி, ஒரே விரிப்பு, ஒரே கதவு என்பதால், அறைக் கதவைத் திறக்கும் தன் அட்டைதான் பழுதாகிவிட்டது என்று எண்ணி, யாராவது வந்து திறப்பார்கள் என அவர் காத்திருந்தார். அறைகளைச் சுத்தம் செய்யும் ஊழியர் ஒருவர் கேட்டறிந்து அழைத்துவந்த பிறகுதான் எங்களுக்கு உயிர் வந்தது. அன்றிரவு நாங்கள் வகுத்துக்கொண்ட முறைகளைத்தான், பிறகு சென்ற பயணங்களில் திருத்திய வடிவில், இங்கே எழுதுகிறேன். எங்கே, எப்போது கூடுவது என்பதை முன்கூட்டியே பேசி முடிவுசெய்துவிட்டு, அந்த முடிவை மாற்ற வேண்டிய நேரத்துக்கு மட்டும் கைபேசியை வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே அவற்றின் அடிப்படை.

கைபேசியைப் பற்றி முதலில்

கப்பல் கரையை விட்டு விலகியதும் தரையிலுள்ள கோபுரங்களின் சிக்னல் அற்றுப்போகும். அதன் பிறகு பல கப்பல்களில் செயற்கைக்கோள் வழியாக இயங்கும் கடல்சார் கைபேசி வலையமைப்பு ஒன்று தானாகவே உங்கள் கைபேசியைப் பற்றிக்கொள்ளும். சிக்னல் கோடுகள் முழுமையாகத் தெரிவதால் எல்லாம் வழக்கம்போல் இருப்பதாகத் தோன்றும். ஆனால் சிங்கப்பூருக்கும் தாய்லாந்துக்கும் என்று நீங்கள் வாங்கிய ரோமிங் திட்டம் பெரும்பாலும் இந்த வலையமைப்புக்குச் செல்லாது. ஒரு சிறு அழைப்புக்கும், பின்னணியில் தானாக இறங்கும் படங்களுக்கும்கூடப் பெருந்தொகை பில்லில் ஏறிவிடும். எனவே கப்பல் துறைமுகத்தை விட்டு நகரும்போதே குழுவிலுள்ள அனைவருடைய கைபேசிகளையும் ஏரோப்பிளேன் மோடுக்கு மாற்றிவிட்டு, வைஃபையை மட்டும் தனியே இயக்க வேண்டும். பெரியவர்களின் கைபேசிகளை இளையவர் ஒருவர் வாங்கிச் சரிபார்ப்பது நல்லது. சிக்னலைத் தேடித் தேடி பேட்டரி தீர்வதும் இதனால் குறையும்.

அடுத்தது கப்பல் நிறுவனத்தின் சொந்த ஆப். கப்பலுக்குள் இயங்கும் வைஃபையில் இணையக் கட்டணம் செலுத்தாமலே இந்த ஆப் வேலை செய்யும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. அன்றைய நிகழ்ச்சிகள், உணவு நேரங்கள், தள வரைபடம் ஆகியவற்றோடு, பல நிறுவனங்களின் ஆப்பில் உடன் வந்தவர்களுக்குச் செய்தி அனுப்பும் வசதியும் உண்டு. டிஸ்னி கப்பல்களில் இது இலவசம். வேறு சில நிறுவனங்கள் சிறு கட்டணம் வாங்குகின்றன. பிரின்சஸ் நிறுவனம் 2017ஆம் ஆண்டு ரீகல் பிரின்சஸ் கப்பலில் தொடங்கி, நாணய அளவிலான மெடாலியன் என்னும் வில்லையைப் பயணிகளுக்குக் கொடுத்துவருகிறது. அதைக் கழுத்திலோ கையிலோ அணிந்திருக்கும் உறவினர் கப்பலில் எந்தப் பகுதியில் இருக்கிறார் என்பதை மற்றவர் ஆப்பில் பார்த்துக்கொள்ளலாம். முதியவர்களோடும் சிறுவர்களோடும் செல்பவர்கள் கப்பலைத் தேர்ந்தெடுக்கும்போதே இந்த வசதிகளையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பேன்.

இந்த ஆப்பை வீட்டிலேயே தரவிறக்கி, முன்பதிவு எண்ணைக் கொடுத்து உள்நுழைந்து வைத்திருக்க வேண்டும். கப்பலில் ஏறியதும் அனைவரும் ஓரிடத்தில் நின்று ஒருவரையொருவர் ஆப்பில் சேர்த்துக்கொண்டு, ஆளுக்கொரு செய்தி அனுப்பிப் பார்த்துவிடுங்கள். பிரிந்த பிறகு இதைச் செய்ய முடியாது. இன்னொன்றையும் மறக்கக் கூடாது. இணையத்தொடர்பு இல்லாத கைபேசியில் புதுச் செய்தி வந்ததற்கான அறிவிப்பு பெரும்பாலும் திரையில் தோன்றாது; ஆப்பைத் திறந்தால்தான் செய்தி தெரியும். ஆகவே ஒவ்வொரு மணி நேரத்தின் தொடக்கத்திலும் ஒருமுறை திறந்து பார்ப்பது என்று குழுவில் பேசிக்கொள்ளுங்கள். இந்தச் சிறு வழக்கம் இல்லாததால்தான், அனுப்பிய செய்தி மூன்று மணி நேரம் கழித்துப் படிக்கப்படுகிறது.

வாட்ஸ்அப் தான் வேண்டும் என்றால் இணையத் தொகுப்பை வாங்க வேண்டும். ஸ்டார்லிங்க் என்னும் செயற்கைக்கோள் இணையச் சேவை வந்த பிறகு பல கப்பல்களில் இணையத்தின் வேகம் வெகுவாகக் கூடியிருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் தொகுப்பு பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரு கருவிக்கு என்றே விற்கப்படுகிறது. ஒருவர் வெளியேறிய பிறகு இன்னொருவர் நுழையலாம். இருவரும் ஒரே நேரத்தில் இருக்க முடியாது. கப்பலுக்குள் இருவர் வாட்ஸ்அப்பில் பேசிக்கொள்ள இரண்டு இணைப்புகள் தேவை என்பதை மறந்து, குடும்பத்துக்கு ஒன்று போதும் என்று வாங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஓர் இணைப்பு ஊரிலிருப்பவர்களோடு பேசத்தான் உதவும்.

வாக்கி டாக்கியை நான் பரிந்துரைக்க மாட்டேன். கப்பலின் இரும்புச் சுவர்களும் தளங்களும் அதன் அலைகளைத் தடுக்கின்றன. சில நாடுகளுக்குள் உரிமமின்றி அதைக் கொண்டுசெல்வதும் சிக்கலாகலாம்.

அறையும் அறைத் தொலைபேசியும்

எல்லா அறைகளிலும் ஒரு தொலைபேசி இருக்கும். மற்றோர் அறையை அழைப்பதற்குக் கட்டணம் இல்லை. அறை எண்ணையோ, அதற்கு முன்னால் ஓரிரு எண்களைச் சேர்த்தோ அழுத்த வேண்டும். முறை தொலைபேசியின் மேலேயே எழுதப்பட்டிருக்கும். ஸ்மார்ட்ஃபோன் பழக்கமில்லாத பெரியவர்களுக்கு இதைவிட நம்பகமான வழி வேறில்லை. முதல் நாளே அவர்கள் கையால் ஒருமுறை அழைக்கச் செய்து பழக்குங்கள்.

அறை எண்ணின் முதல் ஓரிரு இலக்கங்கள் தளத்தைக் குறிக்கும் என்பதை என் அம்மாவுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. பாதுகாப்புக்காகப் பல கப்பல்களில் அறை அட்டையின் மேல் அறை எண்ணை அச்சிடுவதும் இல்லை. எனவே குழுவிலுள்ள அனைவருடைய பெயர்களையும் அறை எண்களையும் ஒரு சிறு தாளில் எழுதி, கைபேசி உறைக்குள்ளோ பணப்பையிலோ வைத்துக்கொள்ளக் கொடுங்கள். அறை அட்டையோடு சேர்த்து அந்தத் தாளை வைக்கக் கூடாது. இரண்டும் ஒன்றாகத் தொலைந்தால் எடுத்தவர் அறையைத் திறந்துவிட முடியும். மின்தூக்கியிலிருந்து வெளியே வந்ததும் இடப்பக்கமா வலப்பக்கமா, எந்தப் படத்தைத் தாண்டி என்பதை முதியவர்களோடு இரண்டு முறை நடந்து காட்டுவது எந்த வரைபடத்தையும் விடப் பயன்தரும்.

அறைக் கதவுகளும் சுவர்களும் பெரும்பாலும் உலோகத்தாலானவை என்பதால் காந்தத்தால் குறிப்புத் தாளை ஒட்டிவைக்கலாம். ஆனால் “நாங்கள் அனைவரும் ஒன்பது மணி வரை அரங்கில் இருக்கிறோம்” என்று கதவின் வெளிப்புறத்தில் ஒட்டுவது, அறையில் ஆளில்லை என்று ஊருக்கே சொல்வதாகும். குறிப்புகளை அறைக்குள், கண்ணாடியருகில் வையுங்கள்.

கூடும் இடமும் கூடும் நேரமும்

கூடும் இடமாக உணவுக்கூடத்தின் வாசலைச் சொல்லாதீர்கள்; பஃபே கூடங்களுக்கு இருபுறமும் வாசல்கள் உண்டு. மின்தூக்கிகளின் முன்பகுதியும் ஆகாது. முன்னால் ஒரு தொகுதி, பின்னால் ஒரு தொகுதி என்று குறைந்தது இரண்டு இடங்களில் அவை இருக்கும். ஒன்றே ஒன்றாக இருக்கும் இடமே பொருத்தமானது. பயணியர் சேவை மேசைக்கு எதிரேயுள்ள இருக்கைகளை நாங்கள் எப்போதும் தேர்ந்தெடுக்கிறோம். அங்கே எந்நேரமும் ஊழியர் இருப்பார், தொலைபேசி இருக்கும், வழிதவறியவர் யாரிடம் கேட்டாலும் அந்த இடத்தைக் காட்டிவிடுவார்கள்.

நேரத்துக்கு உணவே சிறந்த நங்கூரம். முதன்மை உணவகத்தில் இரவு உணவுக்கு நிலையான நேரமும் நிலையான மேசையும் தரும் முறை பல கப்பல்களில் உள்ளது. விருப்பப்பட்ட நேரத்தில் சாப்பிடும் முறையை விட, பெரிய குடும்பத்துக்கு இதுவே ஏற்றது. பகல் முழுவதும் எங்கு சுற்றினாலும் இரவு குறித்த நேரத்தில் குறித்த மேசைக்கு வந்துவிட வேண்டும் என்பது குழந்தைக்கும் புரியும். முன்பதிவுகள் தனித்தனியாகச் செய்யப்பட்டிருந்தால் அவற்றை இணைத்து ஒரே மேசையில் இடம் தருமாறு பயணத்துக்குச் சில வாரங்களுக்கு முன்பே நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒருவர் வரவில்லை என்றால் பதினைந்து நிமிடம் காத்திருக்கலாம். அதன் பிறகு ஒருவர் கூடும் இடத்திலேயே நிற்க, ஒருவர் அறைக்குச் சென்று பார்க்க வேண்டும். எல்லோரும் ஆளுக்கொரு திசையில் கிளம்பினால் தேடுபவர்களையும் தேட வேண்டிவரும். தான் வழிதவறிவிட்டதாக உணர்பவர் நடந்துகொண்டே இருக்காமல், அருகிலிருக்கும் ஊழியரிடம் அட்டையைக் காட்ட வேண்டும். சிறுவர்களைக் காணவில்லை என்றால் அரை மணி நேரம் பார்ப்போம் என்று தயங்கி நிற்காதீர்கள். பயணியர் சேவை மேசையில் உடனே சொல்லிவிடுங்கள். அன்று காலை எடுத்த ஒரு படம் கைபேசியில் இருந்தால், என்ன நிறச் சட்டை என்ற கேள்விக்குத் தடுமாற வேண்டியதில்லை.

அபாய ஒலி கேட்டால்

ஏழு குறுகிய ஒலிகளைத் தொடர்ந்து ஒரு நீண்ட ஒலி கேட்டால், அது பயணிகள் கப்பல் நிர்வாகம் தமக்கு ஒதுக்கிய அவசரக் கூடுமிடத்துக்குச் செல்ல வேண்டும் என்ற அபாய அறிவிப்பு. அந்நேரத்தில் ஒருவரையொருவர் தேடிப் படிகளில் ஏறி இறங்கக் கூடாது. ஒவ்வொருவரும் தமக்கு ஒதுக்கப்பட்ட இடத்துக்கு நேராகச் செல்ல வேண்டும். வந்தவர்களின் கணக்கு அங்குதான் எடுக்கப்படும். இத்தாலியக் கடற்கரையில் 2012 ஜனவரி 13 அன்று கோஸ்டா கான்கார்டியா கப்பல் பாறையில் மோதி 32 பேர் இறந்தனர். அன்று ஏறிய பயணிகள் பலருக்கு அவசரப் பயிற்சி இன்னும் நடந்திருக்கவில்லை. அதன் பிறகு, கப்பல் புறப்படுவதற்கு முன்னரோ புறப்பட்ட உடனேயோ பயிற்சி நடந்தாக வேண்டும் என்று 2015 முதல் பன்னாட்டு விதி மாற்றப்பட்டது. வெவ்வேறு அறைகளில் தங்கும் உங்கள் குழுவினருக்கு வெவ்வேறு கூடுமிடங்கள் ஒதுக்கப்பட்டிருக்கலாம். யாருக்கு எது என்பதை அந்தப் பயிற்சியின்போதே குறித்துக்கொள்ளுங்கள். சிறுவர் மன்றத்தில் பிள்ளையை விடுபவர்கள், அபாயக் காலத்தில் ஊழியர்கள் பிள்ளையைக் கூடுமிடத்துக்கு அழைத்துவருவார்களா, பெற்றோர் சென்று அழைக்க வேண்டுமா என்று முதல் நாளே கேட்டுத் தெளிவுபெற வேண்டும்.

கரையில் இறங்கும் நாள்

சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் ஒரே நேரம்தான். புக்கெட்டிலோ கடிகாரம் ஒரு மணி நேரம் பின்தங்கியது. கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே இயங்கும் நாளில் நீங்கள் கரையிறங்கினால், தாய்லாந்து வலையமைப்பில் இணைந்த கைபேசி தானாக உள்ளூர் நேரத்துக்கு மாறி, கப்பலில் ஐந்து மணி ஆகும்போது நான்கு மணி என்று காட்டும். கடைத்தெருவில் நிதானமாகச் சுற்றிக்கொண்டிருப்பவருக்குக் கப்பல் போய்விடும். ஆகவே இறங்குவதற்கு முன் கப்பல் நேரம் எது என்று கேட்டு, சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றை அதற்கேற்ப வைத்துக் குழுவில் ஒருவராவது கட்டிக்கொள்ளுங்கள். “எத்தனை மணிக்கு” என்று பேசிக்கொள்ளும்போதெல்லாம் கப்பல் மணி என்றே சொல்லுங்கள். சென்னையிலிருந்து இலங்கைத் துறைமுகங்களுக்கு 2023 ஜூனில் தொடங்கிய எம்வி எம்பிரஸ் போன்ற பயணத்தில், இரு நாடுகளுக்கும் ஒரே நேரம் என்பதால் இந்தத் தொல்லை இல்லை.

பெரிய கப்பல்கள் புக்கெட்டின் பாத்தோங் கடற்கரைக்கு எதிரே நங்கூரமிட்டு, சிறு படகுகளில் பயணிகளைக் கரைசேர்ப்பதுண்டு. அங்கே கணக்கு கப்பல் புறப்படும் நேரமன்று, கடைசிப் படகு கிளம்பும் நேரம். அன்றைய நிகழ்ச்சித் தாளில் அச்சிடப்பட்டிருக்கும் துறைமுக முகவரின் (கப்பல் நிறுவனத்தின் உள்ளூர்ப் பிரதிநிதி) தொலைபேசி எண்ணை அனைவரும் படமெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். இறங்கும்போதும் ஏறும்போதும் அட்டை பதிவாவதால், யார் திரும்பிவிட்டார் என்பது கப்பலுக்குத் தெரியும். முன்னே வந்தவர்கள் கவலையோடு வாசலில் நிற்காமல் பயணியர் சேவை மேசையில் விசாரிக்கலாம்.

கடைசிக் காலையில் அறையை முன்னதாகவே காலிசெய்யச் சொல்வார்கள்; அத்தோடு அறைத் தொலைபேசி கைவிட்டுப் போய்விடும். பெட்டிகளில் கட்டிய பட்டைகளின் எண்ணையோ நிறத்தையோ பொறுத்து ஒவ்வொரு அறையினரும் வெவ்வேறு நேரத்தில் இறக்கப்படுவார்கள். கரையில் கால் வைத்ததும் கப்பல் ஆப்பின் செய்தி வசதியும் நின்றுவிடும். ஆகவே முந்தைய இரவே, எல்லோருக்கும் ஒரே நிறப் பட்டை தருமாறு கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால், குடிநுழைவுச் சோதனையைக் கடந்த பிறகு பெட்டிகள் வரும் கூடத்தில் எந்தத் தூணருகில் நிற்பது என்பதை, முதலில் இறங்குபவர் கைபேசியின் ஏரோப்பிளேன் மோடை நீக்கிவிட்டு, தரை சிக்னல் வந்ததும் வாட்ஸ்அப் குழுவில் தெரிவிக்க வேண்டும்.