வராதவர் வீட்டிலிருந்து ஆரம்பியுங்கள்

சபையில் ஐக்கியம் இல்லை என்று தோன்றினால் உடனே ஒரு விசேஷக் கூட்டம் போட்டு வெளியூர்ப் பிரசங்கியாரைக் கூப்பிடுவது நம் வழக்கம். அவர் சகோதரர் ஒருமித்து வாழ்வதைப் பாடுகிற சங்கீதம் 133-ஐ எடுத்து அருமையாகப் பேசுவார், நாமும் கண்ணீரோடு ஆமென் சொல்வோம், மறுநாளே பாடகர் குழுவும் வாலிபர் சங்கமும் கீபோர்டுக்காக முறைத்துக்கொண்டு நிற்கும். பிரசங்கத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் இன்னாருக்கு இன்னார் பொறுப்பு என்று பெயர் சொல்லிப் பிரித்துக்கொள்ளாத வரைக்கும் ஐக்கியம் பேச்சோடுதான் நிற்கும். அதை எப்படிச் செய்வது என்பதை வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, குடியாத்தம் பக்கத்துச் சபைகளை மனதில் வைத்து எழுதுகிறேன். சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே எதுவானாலும் சரி.

முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள். சபைக் குடும்பங்களைத் தெருவாரியாக எட்டு, பத்து வீடு ஒரு பகுதி என்று பிரித்து எழுதுங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் அண்ணன், ஓர் அக்கா என்று இரண்டு பேர் பொறுப்பு. இரண்டு பேரும் கமிட்டியில் இல்லாதவர்களாக இருந்தால் நல்லது, ஏனென்றால் கமிட்டி மெம்பர் வாசலில் வந்து நின்றால் சந்தா பாக்கி கேட்க வந்திருக்கிறார் என்றே வீட்டில் நினைப்பார்கள். இவர்களுக்கு ஒரே வேலைதான்: ஞாயிற்றுக்கிழமை யார் வரவில்லை என்று பார்ப்பது, அடுத்த ஞாயிறுக்குள் அந்த வீட்டுக்குப் போய் வருவது.

போகிற விதம் முக்கியம். நாலைந்து பேர் வேதபுத்தகத்தோடு ஊர்வலமாகப் போனால் தெருவே எட்டிப் பார்க்கும், அந்த வீட்டுக்காரருக்கு மானம் போகும். ஒருவரோ இருவரோ போங்கள். ஷூ கம்பெனிக்கும் தோல் தொழிற்சாலைக்கும் போகிறவர்கள் வீடு என்றால், கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி முகம் கழுவி ஒரு டீ குடிக்க நேரம் கொடுத்து, ஏழரைக்கு மேல் போங்கள். "ஏன் கோயிலுக்கு வரலை?" என்ற கேள்வி வாயில் வரவே கூடாது. "சும்மா பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்க்கா" என்று உட்காருங்கள், காரணம் தானாக வரும். ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் போட்டிருப்பார்கள், குழு லோன் தவணை நின்றிருக்கும், இல்லாவிட்டால் போன வருஷம் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் யாரோ சொன்ன ஒரு வார்த்தை இன்னும் குத்திக்கொண்டிருக்கும். (நைட் டியூட்டி முடித்து நேரே ஆராதனைக்கு வருகிற நர்ஸ் பிள்ளை பிரசங்கத்தில் தூங்கி விழுந்தால் அதை ஒரு புகாராகக் கொண்டு வராதீர்கள். அவள் வந்ததே பெரிது.)

அடுத்து ஆஸ்பத்திரி. இது நம் ஊருக்கே உரிய ஊழியம். மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மா 1900-ல் ஒரே ஒரு படுக்கையோடு ஆரம்பித்த வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு இன்று எங்கிருந்தெல்லாமோ ஜனம் வருகிறது, ஆனால் ஆரணியிலோ பேரணாம்பட்டிலோ இருக்கிற நம் சபைக்காரர் அட்மிட் ஆனால் கூட இருக்கிறவருக்கு ஒரு வேளை சாப்பாடு கொடுக்க டவுனில் ஆள் இல்லை என்பது வெட்கம். அவர் நோயாளியை விட்டு நகர முடியாது, லாட்ஜ் வாடகையோ தினமும் ஏறிக்கொண்டே போகும். ஆகவே டவுன் சபையும் கிராமத்துச் சபையும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். சி.எம்.சி.யின் ராணிப்பேட்டை கேம்பஸும் வந்துவிட்டதால் யார் எங்கே அட்மிட் என்று கேட்ட பிறகே கிளம்புங்கள். போய்க் கால் மணி நேரம் ஜெபம் பண்ணுவதைவிட, "நீங்க போய்க் குளிச்சுட்டு வாங்கண்ணா, நான் உட்கார்ந்திருக்கேன்" என்று இரண்டு மணி நேரம் இருப்பது மேல். ஜெபத்தை உட்கார்ந்துகொண்டே பண்ணலாம்.

ரத்தத்துக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்: பெயர், குரூப், கடைசியாகக் கொடுத்த தேதி. ஆண்கள் 90 நாளுக்கு ஒருமுறையும் பெண்கள் 120 நாளுக்கு ஒருமுறையும் கொடுக்கலாம், 18 வயதும் 45 கிலோவும் இருக்க வேண்டும். தேதி எழுதி வைக்காவிட்டால் அவசரத்துக்கு எப்போதும் அதே நாலு பையன்களைத்தான் இழுப்பீர்கள்.

பணத்துக்கு வருவோம். உதவி நிதி என்று ஒரு தனிக் கணக்கு, இரண்டு கையெழுத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை சபையில் வாசிப்பு. தொகையை மட்டும் வாசியுங்கள், வாங்கியவர் பெயரை வாசிக்காதீர்கள். கலாத்தியர் 6-ல் "ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து" என்று சொன்ன அதே பவுல் மூன்று வசனம் தள்ளி அவனவன் தன்தன் பாரத்தைச் சுமப்பான் என்கிறார். ஆகவே சாவு, ஆபரேஷன், ஜூன் மாத ஸ்கூல் ஃபீஸ் என்று திடீரென்று தலையில் விழுகிறதைச் சபை தாங்கட்டும், மாதாமாதக் குடும்பச் செலவை அவரவர் பார்க்கட்டும். அப்புறம், விசுவாசி என்பதற்காக ஒருவர் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடாதீர்கள். உபதேசத்தால் பிரிந்த குடும்பங்களைவிட ஜாமீனால் முகம் பார்க்காமல் போன குடும்பங்களே அதிகம் என்று நான் சொன்னால் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள்.

நிதியை யார் கையில் கொடுப்பது? அப்போஸ்தலர் 6-ஐப் பாருங்கள். கிரேக்க மொழிக்கார விதவைகளுக்குப் பந்தியில் சரியாகக் கிடைக்கவில்லை என்று முறுமுறுப்பு வந்தது. தேர்ந்தெடுத்த ஏழு பேரின் பெயரும் ஸ்தேவான், பிலிப்பு என்று கிரேக்கப் பெயர்தான். குறை சொன்ன பக்கத்தாரிடமே பொறுப்பு போயிருக்கிறது. உங்கள் சபையில் "எங்களுக்கு ஒன்றும் கிடைப்பதில்லை" என்று முணுமுணுக்கிற தெரு எதுவோ, பொருளாளரை அங்கிருந்து எடுங்கள். தெலுங்கு பேசுகிற குடும்பங்கள் உள்ள சபைகள் இதை இரண்டு தடவை படிக்கலாம்.

பண்டிகைச் சாப்பாட்டைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். முதல் பந்தியில் கமிட்டி, விருந்தாளிகள், கார் வைத்திருப்பவர்கள். அவர்கள் இலையில் பிரியாணி, மேலே இரண்டு துண்டு கறி, பக்கத்தில் கத்தரிக்காய் தொக்கு. விடிகாலையிலிருந்து வெங்காயம் உரித்த அக்காக்கள் கடைசிப் பந்தியில் உட்காரும்போது அண்டாவில் குஸ்காதான் மிஞ்சும், தயிர் வெங்காயம்கூடத் தண்ணீராகியிருக்கும். கொரிந்துவிலும் இதே கதைதான் நடந்தது, பவுல் "ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்" என்று எழுத வேண்டி வந்தது. வழி எளிது: சமைத்தவர்களும் தூரத்துக் கிராமத்திலிருந்து வந்தவர்களும் முதல் பந்தி, கமிட்டி பரிமாறட்டும். ஒரு வருஷம் செய்து பாருங்கள்.

சாதியைப் பற்றிப் பேசாமல் விட்டால் மேலே சொன்னதெல்லாம் வீண். ஒரே பாத்திரத்தில் திருவிருந்து எடுத்துவிட்டு, அந்தத் தெரு வீட்டில் தண்ணீர் குடிக்கத் தயங்குகிறவர் நம் நடுவில் இருக்கிறார். அவருக்கு உபதேசம் பண்ணாதீர்கள். வீடு சந்திக்கிற ஜோடியில் அவரையும் அந்தத் தெருக்காரர் ஒருவரையும் சேர்த்துப் போடுங்கள், போகிற வீட்டில் டீ கொடுத்தால் குடித்தாக வேண்டும் என்பதை விதியாகவே வையுங்கள்.

சண்டை வந்தால் மத்தேயு 18 சொல்கிற வரிசைதான்: முதலில் தனியே, அப்புறம் ஒன்றிரண்டு பேரோடு, கடைசியில்தான் சபை. நாம் தலைகீழாக முதலில் வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறோம். சபை எலெக்‌ஷன் சமயத்தில் குரூப்பை அட்மின் மட்டும் எழுதுகிற மாதிரி மாற்றிவிடுங்கள். ஒரே உட்காரலில் சமாதானம் ஆகவில்லையே என்று சோர்ந்து போகாதீர்கள். பல சபைகளை ஒன்றாக்க 1919-ல் தரங்கம்பாடியில் தொடங்கிய பேச்சு தென்னிந்தியத் திருச்சபையாக, அதாவது சி.எஸ்.ஐ.யாக உருவெடுக்க 1947 செப்டம்பர் 27 வரைக்கும் ஆனது. அப்படி இணைந்த சபைகளில் ஒன்றான தென்னிந்திய ஐக்கிய சபை வழியாக அதற்குள் வந்த நம் ஆற்காடு மிஷன் பெரியவர்களும் 28 வருஷக் கமிட்டியைப் பொறுத்தவர்கள்தான்.

கடைசியாக, அந்த நோட்டு ஆயர் வீட்டு அலமாரியில் இருக்க வேண்டாம். ஆயர்கள் மாற்றலாகிப் போவார்கள், சாமான் ஏற்றுகிற லாரியோடு நோட்டும் போய்விடும். அந்தந்தப் பகுதிப் பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து அந்தந்த அக்காவிடமே கொடுத்துவையுங்கள், புது ஆயர் வந்த முதல் வாரத்தில் அவரை அழைத்துக்கொண்டு வீடு வீடாகப் போகப்போவது அந்த அக்காதான்.