ஓடிபியா, ஆத்தென்டிகேட்டரா, பாஸ்கீயா? கூகுள் கணக்கைப் பூட்டும் முறை

ஷாப்பிங் தளமோ முகநூலோ, 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்று அழுத்தினால் அதை மாற்றும் இணைப்பு பெரும்பாலும் மின்னஞ்சலுக்குத்தான் வரும். ஆகவே முதலில் பூட்ட வேண்டியது ஜிமெயிலை.

எஸ்எம்எஸ் ஓடிபி பழகியது, ஆனால் இருப்பதில் பலவீனமானது. போலி ஆவணம் காட்டி உங்கள் எண்ணுக்கு யாராவது மாற்று சிம் வாங்கிவிட்டால் ஓடிபி அவர்களுக்குப் போய்விடும். வெளிநாட்டில் ரோமிங் இல்லையென்றால் உங்களுக்கே வராது. ஆத்தென்டிகேட்டர் செயலிக்கு சிக்னல் தேவையில்லை. 30 வினாடிக்கு ஒருமுறை புது 6 இலக்க எண் காட்டும். எண்ணைச் சரியாகப் போட்டும் 'தவறு' என்று வந்தால் முதலில் போனின் கடிகாரத்தைப் பாருங்கள். எண் நேரத்தை வைத்தே கணக்கிடப்படுவதால் தேதி, நேரம் 'தானியங்கி'யில் இருக்க வேண்டும்.

இந்த இரண்டுக்கும் பொதுவான ஓட்டை உண்டு. கூகுள் போலவே தோன்றும் போலிப் பக்கத்தில் எண்ணை நீங்களே தட்டிக் கொடுத்துவிடலாம். பாஸ்கீ என்பது பாஸ்வேர்டுக்குப் பதிலாகப் போனின் கைரேகை அல்லது திரைப் பூட்டைக் கொண்டு உள்ளே போகும் டிஜிட்டல் சாவி. அதில் இந்த ஏமாற்று நடக்காது. அது தளத்தின் முகவரியோடு பிணைந்தது; முகவரியில் ஓர் எழுத்து மாறினாலும் இயங்காது. உங்கள் கைரேகையும் போனைவிட்டு வெளியே போவதில்லை.

பாஸ்கீக்கு ஆண்ட்ராய்டு 9 அல்லது ஐஓஎஸ் 16, அதற்கு மேல் இருந்தால் போதும். ஜிமெயில் செயலியில் மேலே உள்ள உங்கள் படத்தைத் தொட்டு, கணக்கை நிர்வகிக்கும் பகுதியில் 'பாதுகாப்பு'க்குப் போங்கள். அங்கே பாஸ்கீயை உருவாக்குங்கள். பிறகு இரு படிச் சரிபார்ப்பை (பாஸ்வேர்டுக்குப் பின் இன்னொரு சான்றும் கேட்கும் அமைப்பு) இயக்கி, ஆத்தென்டிகேட்டரைச் சேருங்கள். அலுவலகக் கணினியிலோ பிரவுசிங் சென்டரிலோ பாஸ்கீ உருவாக்கவே கூடாது. போனைத் திறக்கத் தெரிந்த எவரும் கணக்கையும் திறக்கலாம் என்பதால், திரைப் பூட்டின் பின் எண் (PIN) 1234 ஆக இருந்தால் அதையும் மாற்றுங்கள்.

அடுத்து, போன் கையில் இல்லாதபோது உள்ளே போக உதவும் பேக்கப் கோடுகள். எட்டு இலக்கத்தில் 10 எண்கள் கிடைக்கும். ஒவ்வொன்றும் ஒரு முறைதான் செல்லும். புதிதாக எடுத்தால் பழையவை செல்லாது. தாளில் எழுதி வீட்டில் வையுங்கள். ஸ்கிரீன்ஷாட்டாக அதே போனில் வைத்தால் போனோடு அதுவும் போய்விடும்.

பலரும் விட்டுவிடும் வேலை ஒன்று இருக்கிறது. பாஸ்கீ போட்ட பிறகும் பாஸ்வேர்டும் எஸ்எம்எஸ்ஸும் மாற்று வழியாகத் திறந்தே இருக்கும். திருடன் அதைத்தான் தேடுவான். எனவே இரு படிச் சரிபார்ப்பிலிருந்து போன் எண்ணை நீக்குங்கள். கணக்கை மீட்பதற்கான எண் தனி அமைப்பு, அது அப்படியே இருக்கும். ஆனால் கைவிட்ட பழைய எண் அங்கே இருந்தால் உடனே மாற்றுங்கள். நிறுத்தப்பட்ட எண்கள் பின்னர் வேறொருவருக்குப் போகும்.

போன் எண்ணை நீக்கும் முன், இருக்கும் லாகினை விடாமல் பிரவுசரின் மறைநிலைச் சாளரத்தில் (இன்காக்னிட்டோ) ஒருமுறை உள்ளே போய்ச் சோதியுங்கள்.

எஸ்எம்எஸ் தவிர வேறு வழி தராத சேவைகளுக்கு, போன் அமைப்புகளில் சிம் பூட்டை இயக்குங்கள். சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டாலும் பின் எண் கேட்கும். மூன்று முறை தவறினால், சிம் நிறுவனம் தரும் பியுகே (PUK) என்ற திறப்பு எண் வேண்டும். அதையும் 10 முறை தவறாகப் போட்டால் சிம் நிரந்தரமாகச் செத்துவிடும்.