சரக்கொன்றை: தெருவில் கிடக்கும் காயிலிருந்து ஒரு மரம்

சித்திரை வெயிலில் ஊரே காய்ந்து கிடக்கும்போது, இலையை உதிர்த்துவிட்டு மஞ்சள் சரங்களைத் தொங்கவிட்டு நிற்குமே, அந்த மரம்தான். கேரளத்தில் விஷுக்கணிக்கு வைக்கும் கணிக்கொன்றையும் இதுவே. நர்சரியில் கன்று கிடைக்கும். ஆனால் விதை சும்மா கிடைக்கும்போது காசு எதற்கு?

ஒரு எச்சரிக்கை. சாலையோரத்தில் மஞ்சளாகப் பூக்கும் இயல்வாகையையும் சிலர் கொன்றை என்பார்கள். அதன் பூங்கொத்து மேல்நோக்கி நிற்கும், காய் தட்டையாகச் செம்பு நிறத்தில் இருக்கும். நமக்கு வேண்டியதில் பூ கீழே தொங்கும். காய் உருண்டு நீண்ட கருப்புக் குச்சி.

காய் எடுப்பது

தை, மாசியில் மரத்தடியில் பாருங்கள். கட்டைவிரல் பருமனில், ஒன்று முதல் இரண்டு அடி நீளத்தில் காய் விழுந்து கிடக்கும். ஆட்டினால் கிலுகிலுவென்று சத்தம் வந்தால் நன்றாகக் காய்ந்தது என்று அர்த்தம். கையால் உடைக்க முடியாது, சுத்தியல் வேண்டும். உள்ளே காசுகளை அடுக்கியதுபோல் வரிசையாகத் தடுப்புகள். ஒவ்வொரு அறையிலும் ஒரு பளபளப்பான பழுப்பு விதை. தடுப்புகளில் கருப்பாகப் பிசுபிசுப்பு ஒட்டியிருக்கும். சித்த மருத்துவத்தில் சரக்கொன்றைப் புளி என்பது இதைத்தான். நல்ல பேதி மருந்து, அதனால் குழந்தைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். விதைகளைக் கழுவி, ஓட்டை விழுந்தவற்றைக் கழித்துவிடுங்கள்.

விதையைக் காயப்படுத்துவது

முதல் தடவை நான் இருபது விதைகளை அப்படியே மண்ணில் புதைத்தேன். இரண்டு மாதம் தண்ணீர் ஊற்றியும் ஒன்றுகூட வரவில்லை. தோண்டிப் பார்த்தால் புதைத்த அன்று இருந்த அதே பளபளப்போடு கிடந்தன! தோல் அவ்வளவு கடினம், தண்ணீர் உள்ளேயே போகாது.

அதனால் நகவெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். விதையின் ஒரு முனை கொஞ்சம் கூராக இருக்கும். முளை வருவது அங்கேதான், அதைத் தொடாதீர்கள். எதிர்ப்பக்க ஓரத்தில் மெல்லக் கடிக்கவிடுங்கள். ‘டிக்’ என்று ஒரு சில்லு தெறிக்கும், உள்ளே வெளிர் நிறம் தெரியும். அவ்வளவு போதும். நகவெட்டி வழுக்கினால் உப்புத்தாளில் தேய்க்கலாம்.

பிறகு சாதாரணத் தண்ணீரில் ஓர் இரவு. காலையில் நன்றாக ஊறிய விதை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு உப்பியிருக்கும். உப்பாதது இருந்தால் காயம் ஆழமாகப் படவில்லை. இன்னொரு தடவை வெட்டி ஊறப்போடுங்கள்.

நிறைய விதை இருந்தால் வெந்நீர் முறை சுலபம். கொதித்த தண்ணீரை அடுப்பிலிருந்து இறக்கி, விதையின் மேல் ஊற்றி, அப்படியே ஆறவிட வேண்டும். அடுப்பில் வைத்து வேகவிடக் கூடாது. ஆனால் எனக்கு நகவெட்டிதான் பிடிக்கும். எந்த விதை தயார் என்று கையிலேயே தெரிந்துவிடும்.

பையில் போடுவது

செம்மண், மணல், மக்கிய தொழுவுரம் மூன்றும் சம அளவு. உயரமான பையாக எடுங்கள், அடியில் ஓட்டைகள் இருக்கட்டும். விதையை அரை அங்குல ஆழத்தில் வைத்து, மண் ஈரமாகவே இருக்கும்படி பூவாளியால் தெளியுங்கள். ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள் முளைக்கும். முளைத்ததும் வெயிலுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள்.

பையிலேயே ஒரு வருஷம் வைத்திருக்க வேண்டாம். ஆணிவேர் அடியைத் தொட்டுச் சுருண்டுகொள்ளும். ஐந்தாறு மாதத்தில், வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்பு, தரைக்கு மாற்றுவது நல்லது.

நடுவது

நாள் முழுக்க வெயில் படும், தண்ணீர் தேங்காத இடம். வீட்டுச் சுவரிலிருந்து பன்னிரண்டு, பதினைந்து அடியாவது தள்ளி. மேலே மின்கம்பி போகிறதா என்று அண்ணாந்து பாருங்கள். நன்றாக வளர்ந்தால் முப்பது, நாற்பது அடி போகும். இரண்டு அடி குழி, ஒரு கூடை மக்கிய எரு. பையைக் கிழித்து, மண்கட்டி உடையாமல் இறக்கி, ஒரு கம்பை ஊன்றிக் கட்டிவிடுங்கள்.

அப்புறம்?

முதல் இரண்டு கோடையில் வாரம் இரண்டு முறை ஆழமாகத் தண்ணீர். அதன் பிறகு வறட்சியைத் தாங்கிக்கொள்ளும். யூரியா போடாதீர்கள், இலைதான் தழைக்கும்.

ஒரு நாள் காலையில் இலைகள் குதறியதுபோல் இருக்கும். திருப்பிப் பார்த்தால் நரம்போடு நரம்பாகப் பச்சைப் புழு. மருந்தடிக்க ஓடாதீர்கள். வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சி ஒன்று கொன்றையில் முட்டையிடும், அதன் பிள்ளைகள் இவை. மரம் திரும்பத் துளிர்த்துவிடும். சின்னக் கன்றாக இருந்து மொட்டையாகிவிடும் என்று பயந்தால், கையால் பொறுக்கிப் பக்கத்தில் உள்ள பெரிய கொன்றையில் விட்டுவிடுங்கள்.

கிளை வெட்டுவதானால் பூ முடிந்த கையோடு வெட்டுங்கள். விதையிலிருந்து வந்த மரம் பூக்க நான்கைந்து வருஷம் ஆகலாம், ஏழெட்டும் ஆகலாம். என்னுடையது ஆறாவது சித்திரையில் ஒரே ஒரு சரம் விட்டது, அதுவும் பக்கத்து வீட்டுப் பக்கமாக.