அகிஹபாராவுக்குப் போகும் முன்: அனிமே ரசிகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜப்பானைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் போகிறவர் அங்கே பெரிதாகத் தவறுவதில்லை. எதையும் கேட்டுக் கேட்டுச் செய்வார். தடுமாறுவது பெரும்பாலும் அனிமே எனப்படும் ஜப்பானிய அசைபடங்களின் ரசிகர்கள்தான். பத்து ஆண்டுகளாகப் பார்த்த தொடர்களில் அந்த ரயில் நிலையமும் கடைத்தெருவும் பள்ளி மொட்டைமாடியும் நமக்குச் சொந்த ஊர்போல ஆகிவிட்டன. வாசலில் செருப்பைக் கழற்றுவதும் சாப்பிடும் முன் 'இததாகிமாசு' சொல்வதும் நமக்கு முன்பே தெரியும். தெரிந்தது இவ்வளவுதான் என்பது மட்டும் தெரியாது. முதல் பயணத்தில் நானும் உடன் வந்த நண்பர்களும் செய்த தவறுகளில் பாதிக்கு மேல் இப்படி வந்தவை.

முதலில் மொழி. தமிழருக்கு இதை விளக்குவது எளிது. நீ, நீங்கள், தாங்கள் என்று ஆளறிந்து பேசும் மொழி நம்முடையது. ஜப்பானிய மொழியில் அந்த அடுக்குகள் இன்னும் அதிகம்; ஆளைப் பொறுத்து வினைச்சொல்லே வேறாகிவிடும். அனிமே நாயகர்கள் தங்களை 'ஓரே' என்பார்கள், எதிரில் நிற்பவரை 'ஒமாயே', 'தெமே', 'கிசாமா' என்பார்கள். சண்டைக்கும் ஆவேசத்துக்கும் எழுதப்பட்ட சொற்கள் அவை. அவற்றைக் கேட்டே மொழி பழகியவர் கடையில் வாயைத் திறந்தால், ஜவுளிக்கடையில் துணி எடுத்துக் காட்டும் பெரியவரை 'டேய்' என்று கூப்பிட்டதற்குச் சமம். பாடநூலில் 'நீங்கள்' என்பதற்கு 'அனாதா' என்று போட்டிருக்கும். முன்பின் தெரியாதவரிடம் அதையும் சொல்ல வேண்டாம். முன்னிலைச் சொல்லையே விட்டுவிடுவதுதான் அங்கே மரியாதை. 'சுமிமாசென்' என்று தொடங்கிப் பொருளைக் காட்டி 'கொரே ஓ குடாசாய்' என்று முடித்தால் போதும். 'மன்னிக்கவும், இதைக் கொடுங்கள்' என்று பொருள். இன்னொன்று: 'சான்' என்பதைப் பிறர் பெயரோடு மட்டும் சேர்க்க வேண்டும், தன் பெயரோடு சேர்த்துக்கொள்ளக் கூடாது.

'ஒதாக்கு' என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். அதன் நேர்ப்பொருள் 'உங்கள் இல்லம்'. எதிரில் இருப்பவரை மரியாதையாக விளிக்கவும் அதுவே பயன்படும். ரசிகர்கள் ஒருவரை ஒருவர் அப்படி அழைத்துக்கொண்டதை வைத்து 1983இல் நகமோரி அகியோ என்ற எழுத்தாளர் ஒரு மங்கா (ஜப்பானியப் படக்கதை) இதழில் ஏளனமாக எழுதினார். பெயர் ஒட்டிக்கொண்டது. 1989இல் குழந்தைகளைக் கொன்ற ஒருவர் கைதாகி, அவர் வீட்டில் குவிந்திருந்த வீடியோ நாடாக்கள் செய்தியானபோது அந்தச் சொல்லுக்குப் பெரிய களங்கம் வந்தது. இளைஞர்களிடம் இன்று அந்தக் களங்கம் மறைந்துவருகிறது. ஆனாலும் வயதானவரிடம் 'நான் ஒதாக்கு' என்று பெருமையாக அறிமுகம் செய்துகொள்ளும் நம் ஊர் ரசிகருக்கு, எதிரே இருப்பவர் முகம் ஏன் சுருங்கியது என்று புரியாது. 'அனிமே கா சுகி தெசு', அனிமே எனக்குப் பிடிக்கும் என்றாலே போதும்.

பேசுவதைவிடக் கடினம் கேட்பது. 'இல்லை' என்று நேராகச் சொல்வதை ஜப்பானியர் தவிர்ப்பார்கள். கடைக்காரர் தலையைச் சாய்த்து, பல்லிடுக்கில் மூச்சை இழுத்து, 'ச்சோத்தோ...' என்று நிறுத்தினால் பேச்சு அங்கேயே முடிந்தது. 'முசுகஷீ' என்றால் அகராதியில் 'கடினம்', கடையில் 'முடியாது'. 'கொஞ்சம் முயன்று பாருங்களேன்' என்று நாம் அன்பாகத்தான் வற்புறுத்துவோம். அவருக்கு அது பெரும் சங்கடம். 'தைஜோபு தெசு' என்ற தொடர் இன்னும் ஏமாற்றும். 'பரவாயில்லை, சரி' என்றுதான் அனிமே வசனத்தில் கேட்டிருப்போம். பை வேண்டுமா என்று கேட்கும்போது அதைச் சொன்னால் 'வேண்டாம்' என்று பொருள். 2020 ஜூலையிலிருந்து பிளாஸ்டிக் பைக்குத் தனிக் கட்டணம் என்பதால் ஒவ்வொரு கடையிலும் இந்தக் கேள்வி வரும். உள்ளே நுழைந்ததும் எழும் 'இரஷ்ஷைமாசே' வரவேற்புக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை.

இனி கடைகள். டோக்கியோவில் அனிமே கடைகள் நிறைந்த பகுதியான அகிஹபாராவில் ரசிகர் செய்யும் முதல் தவறு, முதல் கடையிலேயே பணத்தை இறைப்பது. நானும் அப்படித்தான் ஓர் உருவப் பொம்மையை 6,800 யென்னுக்கு வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். அதே பொம்மை, அதே பெட்டி, அதே தெருவில் ஒரு மாடிக் கடையில் 3,500 யென்னுக்கு இருந்தது. அந்தப் பகுதியில் ஒரே பொருளுக்குப் பல விலைகள் இருப்பது இயல்பு. வாடகைக் கண்ணாடிப் பெட்டிக் கடைகளில் ஒவ்வொரு பெட்டியும் வேறொரு தனிநபருடையது. விலையை அவரே வைப்பார். முதல் நாள் விலையைக் குறித்துக்கொண்டு மட்டும் நடங்கள். டோக்கியோவிலேயே உள்ள நகானோ பிராட்வேக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள். 1966இல் திறந்த அந்தப் பழைய வணிக வளாகத்தில்தான் மந்தராகே என்ற பழைய பொருள் கடைச் சங்கிலி 1980இல் பழைய மங்கா விற்கும் சிறு கடையாகத் தொடங்கியது. அங்கே பல கடைகள் நண்பகல் 12 மணிக்குத்தான் திறக்கும். காலை ஒன்பதுக்குப் போய் நிற்பதில் பயனில்லை. பெண் ரசிகர்களை முன்னிறுத்திய கடைகளுக்கு டோக்கியோவின் இகெபுகுரோ பகுதி; ஒசாகா போகிறவர்களுக்கு நிப்போன்பாஷியின் டென் டென் டவுன்.

பழைய பொருள் என்றாலே நம் ஊரில் முகம் சுளிப்போம். அந்தப் பழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டும். பெட்டியில் ஒரு மூலை நசுங்கியிருந்தால்கூட அதைச் சீட்டில் எழுதி ஒட்டுகிறவர்கள் அவர்கள். அந்தச் சீட்டைப் படிக்காமல் வாங்குவதுதான் தவறு. 'மிகைஃபு' என்றால் பிரிக்கப்படாதது. 'கைஃபு' என்றால் பிரித்தது. 'ஹாகோ இதாமி' என்றால் பெட்டிக்கு மட்டும் சேதம். பொம்மையை எடுத்து அலமாரியில் வைக்கப்போகிறவருக்கு இதைவிட நல்ல பேரம் கிடையாது. 'ஜங்க்' என்று போட்டிருந்தால், வேலை செய்யும் என்ற உறுதி இல்லை, திருப்பித் தரவும் முடியாது. கைபேசியின் கேமரா மொழிபெயர்ப்பு இந்தச் சீட்டுகளுக்குப் போதுமானது. பொதுவாகவே, குறை இல்லாத பொருளை மனம் மாறித் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் அங்கே இல்லை. பேரம் பேசும் வழக்கமும் இல்லை. எழுதிய விலைதான் விலை. 'குறைத்துத் தர முடியுமா' என்று கேட்டுவிட்டு, மீண்டும் அந்த 'ச்சோத்தோ'வைக் கேட்க வேண்டாம்.

கொக்கி விளையாட்டுக் கூடங்களில் வைக்கும் பரிசுப் பொம்மைகளும், முன்பதிவு செய்து வாங்கும் அளவுவிகிதப் பொம்மைகளும் (மாந்தரின் உருவத்தைக் குறித்த விகிதத்தில் சுருக்கிச் செய்தவை) வேறு வேறு தரம். பின்னவை 15,000 யென்னையும் எளிதில் தாண்டும். பரிசுப் பொம்மைக்காக இயந்திரத்தில் காசு போடும் முன் பக்கத்திலுள்ள பழைய பொருள் கடையில் ஒருமுறை பாருங்கள். பெரும்பாலும் ஓரிரண்டாயிரம் யென்னுக்குக் கிடைக்கும். விளையாடத்தான் ஆசை என்றால் விளையாடுங்கள், அதுவும் ஒரு சுகம். பரிசு எக்குத்தப்பாக மாட்டிக்கொண்டால் பணியாளரைக் கூப்பிடலாம்; நகர்த்தி வைத்துத் தருவார்கள். இதைக் கேட்கக் கூச்சப்பட்டே பலர் காசைத் தொலைக்கிறார்கள். காசு போட்டுத் திருகினால் சிறு பொம்மை விழும் கச்சாபோன் இயந்திரங்கள் பெரும்பாலும் 100 யென் நாணயத்தைத்தான் ஏற்கும். சில்லறை இயந்திரம் அருகிலேயே இருக்கும், கடைக்காரரிடம் நோட்டை நீட்ட வேண்டாம். பணம் கொடுக்கும்போது கையில் திணிக்காமல், முன்னால் இருக்கும் சிறு தட்டில் வையுங்கள். டிப்ஸ் கொடுப்பது அங்கே கிடையாது.

கடைக்குள் படம் எடுப்பது பெரும்பாலான இடங்களில் தடை. ஊருக்குத் திரும்பிக் காட்ட வேண்டும் என்ற ஆசையில் அலமாரி அலமாரியாக வீடியோ எடுத்துக்கொண்டு போகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. மற்ற வாடிக்கையாளர்களின் முகமும் அதில் பதிகிறது. தன் விருப்பத்தை வெளியே சொல்லாமல் ரகசியமாக வைத்திருக்கும் ஒருவர் அங்கே நின்றிருக்கலாம். வேலைக்காரி வேடத்தில் பெண்கள் பரிமாறும் மெய்ட் கஃபேயில் பணிப்பெண்களை நாமே படம் எடுக்கக் கூடாது. கட்டணம் செலுத்தி அவர்களோடு எடுத்துக்கொள்ளும் உடனடிப் படம் மட்டும் உண்டு. அவர்களைத் தொடுவதும், வேலை முடிந்து எப்போது வருவீர்கள் என்று கேட்பதும் கூடவே கூடாது.

வரி விலக்குக்குப் பாஸ்போர்ட்டின் அசல் வேண்டும், நகலோ கைபேசிப் படமோ செல்லாது. ஒரே கடையில் ஒரே நாளில் வரி நீங்கலாக 5,000 யென்னுக்கு வாங்கியிருக்க வேண்டும். 10 விழுக்காடு நுகர்வு வரியைக் கடையிலேயே கழித்துத் தரும் பழைய முறைக்கு 2026 அக்டோபர் 31 வரைதான் ஆயுள். நவம்பர் 1 முதல் வரியோடு பணம் கட்டி, புறப்படும்போது விமான நிலையத்தில் சுங்கச் சோதனை முடிந்தபின் திரும்பப் பெற வேண்டும். அதனால் அந்தத் தேதிக்குப் பிறகு போகிறவர்கள் வாங்கியவற்றைப் பெட்டியின் அடியில் புதைத்துவிடாமல், காட்டும்படி வைத்துக்கொள்வது நல்லது.

டிஸ்க் வாங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஜப்பானின் டிவிடி மண்டலம் 2. இந்தியாவும் இலங்கையும் மண்டலம் 5. ப்ளூரேயில் ஜப்பான் ஏ, இந்தியாவும் இலங்கையும் சி. வீட்டிலுள்ள கருவி அதை ஓட்டாமல் போகலாம். சிங்கப்பூர், மலேசியத் தமிழர்களுக்கு ப்ளூரேயில் இந்தச் சிக்கல் இல்லை, அவை ஜப்பானோடு ஒரே மண்டலம். எந்த நாடாக இருந்தாலும், உள்நாட்டுப் பதிப்புகளில் பெரும்பாலும் ஆங்கில வசனவரிகூட இருக்காது.

ரசிகர்கள் தாங்களே அச்சிட்ட நூல்களை விற்கும் காமிக் மார்க்கெட், சுருக்கமாகக் கோமிக்கெத், அதற்குப் போக நினைப்பவர் ஒன்றைப் புரிந்துகொண்டு போக வேண்டும். 1975 டிசம்பரில் 32 குழுக்களோடு தொடங்கிய அந்தச் சந்தையில் 'வாடிக்கையாளர்' என்று யாரும் இல்லை. விற்பவர், வாங்குபவர், ஒழுங்குபடுத்தும் தன்னார்வலர் எல்லோரும் 'பங்கேற்பாளர்' என்பதே அதன் அடிப்படைக் கொள்கை. மேசைக்குப் பின்னால் இருப்பவர் வியாபாரி அல்லர். பல இரவுகள் கண்விழித்துத் தன் கைக்காசில் நூலை அச்சடித்த இன்னொரு ரசிகர். அவரிடம் பத்தாயிரம் யென் நோட்டை நீட்டிச் சில்லறை கேட்பது கொடுமை. ஆயிரம் யென் நோட்டுகளும் 500, 100 யென் நாணயங்களுமாக முந்தின நாளே மாற்றி வையுங்கள். நூலைப் புரட்டும் முன் 'மிதெமோ ஈ தெசு கா' என்று அனுமதி கேளுங்கள். வாங்கிய நூலின் பக்கங்களை இணையத்தில் ஏற்றாதீர்கள். தனக்குப் பிடித்த தொடரின் மாந்தர்களை வைத்து அவர் அதைத் தன் சிறு வட்டத்துக்காக எழுதியிருப்பார், மூலப் படைப்பாளர் கண்டும் காணாமல் இருக்கும் பொறுமையில்தான் அந்த உலகமே நிற்கிறது. இரவெல்லாம் வாசலில் காத்துக் கிடப்பதும், விடுதியிலிருந்தே வேடம் புனைந்து வருவதும் தடை. உடை மாற்ற உள்ளேயே இடம் உண்டு. வேடம் புனைந்தவரைப் படம் எடுக்கும் முன் கேட்டுவிட்டு, வரிசை இருந்தால் வரிசையில் நின்று எடுக்க வேண்டும்.

டோக்கியோவின் மிதாகாவில் உள்ள, கிப்லி என்ற அனிமே நிறுவனத்தின் அருங்காட்சியக வாசலில் டிக்கெட் கிடைக்காது. ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதி காலை 10 மணிக்கு அடுத்த மாதத்துக்கான விற்பனை தொடங்கும். இந்திய, இலங்கை நேரப்படி அது காலை 6.30. பெரியவர்களுக்கு 1,000 யென். தவறவிட்டவர்கள் பல மடங்கு கொடுத்து மறுவிற்பனையில் வாங்க வேண்டாம், முறையாக வாங்கியவர் அல்லாதவருக்கு அனுமதி மறுக்கப்படலாம். உள்ளே படம் எடுக்க முடியாது.

பெட்டி கட்டும்போது: பொம்மை வாள்கள் கைப்பெட்டியில் வரக்கூடாது. திரைக்குப் பின்னால் தனிப் பகுதியில் விற்கும் வயதுவந்தோர் மங்காவை ஜப்பானில் சட்டப்படி வாங்கலாம். ஆனால் ஆபாசப் பொருள்களின் இறக்குமதியை இந்தியச் சுங்கச் சட்டம் தடை செய்கிறது. ஜப்பானில் வாங்கிய ரசீது சென்னை விமான நிலையத்தில் யாரையும் காப்பாற்றாது.

கடைசியாக, தொடர்களில் கண்ட இடங்களைத் தேடிப் போகும் பயணம். ஜப்பானியர் இதைப் புனிதத் தல யாத்திரை என்ற பொருளில் 'செய்ச்சி ஜுன்ரே' என்கிறார்கள். எனக்கு மிகப் பிடித்த சொல் அது. கோயிலுக்குப் போகிறவர் நடந்துகொள்வதுபோல நடந்துகொள்ள வேண்டும் என்பதும் அதற்குள் இருக்கிறது. டோக்கியோவுக்குத் தெற்கே கடலோர ஊரான கமகுராவில், கமகுரா கோகோமாயே நிலையத்தை அடுத்த ரயில் கடவை, ஸ்லாம் டங்க் என்ற கூடைப்பந்துத் தொடரின் தொடக்கப் பாடலில் வருவது. அதைப் படம் எடுக்க நடுச்சாலையில் நிற்கிறவர்களால் கார்கள் நகர முடியாமல், போக்குவரத்தை ஒழுங்குபடுத்தக் காவலர்களை நிறுத்தும் நிலை வந்துவிட்டது. அந்த நிலையத்தின் பெயரே பக்கத்தில் இருக்கும் உயர்நிலைப் பள்ளியைக் குறிக்கிறது. கடவை வழியாகச் சீருடையில் வருகிறவர்கள் உண்மையான மாணவர்கள், அவர்களைக் கேமராவில் பிடிக்கக் கூடாது. சாலையில் இறங்கவும் தேவையில்லை. நிலையத்தின் மேடையில் நின்றாலே எதிரே கடல்தான். ஓரிரு ரயில்களைப் போகவிட்டுக் காத்திருந்தால், பச்சை வண்டி கடலை மறைத்து, நின்று, விலகுவதை யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம்.